தட்டைக் கரையேற்றிவிட்டு வரைபடத்தை மட்டும் நம்பச் சொல்லாதீர்கள்

கழிமுக நீர்த்தரக் கண்காணிப்புக்குப் பொறுப்பான அதிகாரிகளுக்கு,

வரும் பருவத்திலிருந்து படகில் போய், கயிற்றில் கட்டிய வெள்ளைத் தட்டை நீரில் இறக்கி, அது கண்ணுக்கு மறையும் ஆழத்தை வைத்து நீரின் தெளிவை அளக்கும் வேலையை நிறுத்துவதாக உங்கள் சுற்றறிக்கை சொல்கிறது. செயற்கைக்கோள் படங்களிலிருந்து தயாராகும் வண்ண வரைபடமே இனி போதும், களப்பணி வீண்செலவு என்று இரண்டே வரியில் முடித்துவிட்டீர்கள். அந்தப் படகில் 14 வருடங்களாகப் போய்வந்த தன்னார்வலர்களில் நானும் ஒருத்தி. இந்த முடிவைப் பேசாமல் ஏற்றுக்கொள்ள என்னால் முடியவில்லை.

செயற்கைக்கோள் மேல் எனக்கு எந்தப் பகையும் இல்லை. அதன் அருமையை நான் கண்ணால் பார்த்தவள். மூன்று வருடங்களுக்கு முன் கப்பல் வழியை ஆழப்படுத்தத் தூர்வாரினார்கள். எங்கள் ஏழு அளவிடங்களில் இரண்டில் மட்டும் தெளிவு சட்டென்று குறைந்தது. இரண்டும் ஒன்றுக்கொன்று தொலைவில் இருப்பவை, நடுவில் உள்ள இடத்திலோ ஒரு மாற்றமும் இல்லை. எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. அந்த வாரத்து சென்டினல்-2 செயற்கைக்கோள் படத்தை இறக்கிப் பார்த்தபோதுதான் விஷயம் விளங்கியது. தூர்வாரும் இடத்திலிருந்து கலங்கல் ஒரு நாக்குபோல நீண்டு, மணல் திட்டைச் சுற்றி வளைந்து, கடற்புல் படுகையின் ஓரத்தைத் தொட்டுக்கொண்டு நின்றது. பத்து மீட்டருக்கு ஒரு பிக்சல் என்பதால் அந்த நாக்கின் ஓரம்கூடத் தெளிவாகத் தெரிந்தது. ஏழு புள்ளிகளை வைத்துக்கொண்டு அந்த உருவத்தை நாங்கள் ஒருநாளும் வரைந்திருக்க முடியாது.

அதனால் மேலிருந்து பார்க்கும் கண் வேண்டும் என்பதில் உங்களுக்கும் எனக்கும் கருத்து வேறுபாடு இல்லை. அந்தக் கண் சொல்வதைச் சரிபார்க்கக் கீழே ஓர் ஆளும் இருக்க வேண்டாமா என்பதுதான் என் கேள்வி. நீங்கள் எடுத்துவிடுவது அந்த ஆளைத்தான்.

போன மழைக்காலம் ஓய்ந்து பத்து நாள் ஆகியிருக்கும். மேகம் விலகி வானம் கழுவிவிட்டதுபோல இருந்தது. செயற்கைக்கோள் கடக்கும் நாளாகப் பார்த்தே கிளம்பினோம். ஆறு வந்து சேரும் மூன்றாம் அளவிடத்தில் படகை நிறுத்தி, நிழல் விழும் பக்கமாகத் தட்டை இறக்கினேன். எங்கள் கயிற்றில் பத்து சென்டிமீட்டருக்கு ஒரு முடிச்சு உண்டு. மூன்றாவது முடிச்சிலேயே வெள்ளைத் தட்டு மஞ்சளாகிவிட்டது. ஐந்தாவதில் செம்பழுப்பு. ஆறாவது முடிச்சு நீரைத் தொடும்போது தட்டைக் காணவில்லை. மெல்ல மேலே இழுத்தால் ஐந்தரை முடிச்சில் ஒரு மங்கல் வட்டமாகத் திரும்பத் தெரிந்தது. மறைந்த ஆழம், தெரிந்த ஆழம் இரண்டின் சராசரியாக 58 செ.மீ. என்று எழுதினேன். பிறகு ஒரு கண்ணாடிக் குப்பியில் நீரை மொண்டு வெயிலில் தூக்கிப் பிடித்தேன். துகள் என்று சொல்லும்படி ஒன்றுமே இல்லை, கடுந்தேநீர் நிறம் மட்டும்தான். படகோட்டி அண்ணன் எட்டிப் பார்த்துவிட்டு, "இது கலங்கல் இல்லம்மா. மேலே சதுப்புல இலைதழை ஊறின தண்ணி. சேறா இருந்தா அடியில தங்கும். இது எத்தனை நாள் வெச்சாலும் இப்படியேதான் இருக்கும்" என்றார்.

நான்கு நாள் கழித்து உங்கள் வரைபடம் வந்தது. மூன்றாம் அளவிடம் முழுக்கக் கருநீலம். கீழே வண்ணக் குறிப்பில் கருநீலத்துக்கு நேரே "மிகத் தெளிவு" என்று இருந்தது.

இது எப்படி நடந்தது என்று எனக்குத் தெரியும், உங்கள் தொழில்நுட்பப் பிரிவுக்கும் நிச்சயம் தெரியும். அந்த வரைபடம் சிவப்பு ஒளி எவ்வளவு திரும்பி வருகிறது என்பதை வைத்துக் கணக்கிடப்படுகிறது. வண்டல் கலந்த நீர் ஒளியைச் சிதறடித்து மேலே அனுப்பும், அதனால் மேலிருந்து பார்க்கப் பளிச்சென்று இருக்கும். இலை ஊறிய நீர் அப்படிச் சிதறடிப்பதில்லை. நீல ஒளியை உறிஞ்சிக்கொள்ளும், மேலிருந்து பார்த்தால் இருண்டு கிடக்கும். ஆகவே உங்கள் கணக்கு "துகள் குறைவு" என்று சொன்னது சரி. அதன் தலையில் "தெளிவு" என்று பெயர் ஒட்டியதுதான் தவறு. கலங்கல் இல்லாத நீரெல்லாம் தெளிந்த நீர் ஆகிவிடாது. அடியில் வளரும் புல்லுக்கு வெளிச்சம் கிடைக்கிறதா என்பதுதான் அதற்கு வேண்டியது. சேறு தடுத்தாலும் சாயம் தடுத்தாலும் அதற்கு இருட்டு இருட்டுதான்.

இதை அளவுக் குறிப்போடு உங்களுக்கு எழுதினேன். பல வாரம் கழித்து வந்த பதிலில், கையால் எடுக்கும் அளவு ஆளுக்கு ஆள் மாறும், செயற்கைக்கோள் தரவில் அந்தக் குறை இல்லை என்று இருந்தது. ஆளுக்கு ஆள் மாறும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஒரே படகில் இரண்டு பேர் பார்த்தால் ஐந்து, பத்து சென்டிமீட்டர் வித்தியாசம் வரத்தான் செய்யும். அதற்காகத்தான் இரண்டு பேர் பார்க்கிறோம், கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்க்கிறோம். ஆனால் எந்தக் கண்ணும் 58 சென்டிமீட்டரை "மிகத் தெளிவு" என்று படிக்காது.

இந்தத் தட்டைப் பழசு என்று ஒதுக்குவதையும் கேட்டிருக்கிறேன். பழசுதான். 1865-ல் ஆஞ்சலோ செக்கி என்ற வானியலாளர், பாதிரியாரும்கூட, போப்பாண்டவரின் கப்பலிலிருந்து மத்தியதரைக் கடலில் வெள்ளைத் தட்டுகளை இறக்கிப் பார்த்ததிலிருந்து வருகிற முறை. இன்றைக்குக் கடலின் தெளிவு பற்றிய மிக நீண்ட பதிவுகள் இந்தத் தட்டால் எடுத்தவையே. கைக்குள் அடங்குகிற, மின்கலம் தேவைப்படாத, பழுதாகாத கருவி. அது சொல்வது ஓர் எண் மட்டும்தான், அந்த எண்ணை வைத்து நிறையச் செய்யலாம். தட்டு மறையும் ஆழத்தில், மேற்பரப்பில் விழும் ஒளியில் தோராயமாக 18 சதவீதம் மிஞ்சியிருக்கும் என்று ஒரு பழைய கணக்கு உண்டு. கடற்புல் உயிர் பிழைக்க, இனத்தைப் பொறுத்து, மேற்பரப்பு ஒளியில் 10 முதல் 20 சதவீதத்துக்கு மேல் வேண்டியிருக்கிறது. அதாவது தட்டு எங்கே மறைகிறதோ ஏறக்குறைய அந்த ஆழத்தைச் சுற்றித்தான் புல்லின் எல்லையும் இருக்கும். நாங்கள் தொடங்கிய வருடம் இரண்டு மீட்டர் ஆழத்தில் புல் ஓரத்தில் ஒரு கம்பு நட்டோம். இன்று அந்தக் கம்பைச் சுற்றி வெறும் சேறு. புல் கரைப்பக்கமாக நகர்ந்து, ஒன்றரை மீட்டருக்கும் குறைவான ஆழத்தில் ஒடுங்கிவிட்டது. உங்கள் ஆண்டறிக்கையோ அதே காலத்தில் தெளிவு "மேம்பட்டிருக்கிறது" என்கிறது.

அந்த மேம்பாடு எங்கிருந்து வந்தது? எனக்குப் புரிந்த வரையில் இரண்டு இடங்களிலிருந்து.

ஒன்று மேகம். மழை கொட்டி ஆறு செம்மண்ணாக ஓடும் நாட்களில் வானம் மூடிக் கிடக்கும். அந்த நாட்களுக்குப் படம் இல்லை. மேகம் விலகி, வண்டல் பாதி படிந்த பிறகு எடுத்த படங்களை மட்டும் கூட்டிச் சராசரி போட்டால் எந்தக் கழிமுகமும் கொஞ்சம் தெளிவாகத்தான் தெரியும். உங்கள் அறிக்கையில் மழை மாதங்களுக்கு எத்தனை படம் கிடைத்தது என்ற எண்ணிக்கை எங்குமே இல்லை. அந்த மாதங்களில் படகு போயிருக்கிறது. எங்கள் நோட்டில் 20, 25 சென்டிமீட்டர் என்று வரிசையாக இருக்கிறது. அந்த எண்கள் எதுவும் உங்கள் சராசரிக்குள் வரவில்லை.

மற்றது ஓதம், அதாவது கடல்நீர் ஏறி இறங்குவது. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதைப் பற்றி அந்தச் சுற்றறிக்கையில் ஒரு சொல்கூட இல்லை.

சென்டினல்-2, லேண்ட்சாட் போன்ற செயற்கைக்கோள்கள் சூரியனோடு இசைந்த பாதையில் சுற்றுபவை. எப்போது வந்தாலும் அந்தந்த இடத்துச் சூரிய நேரப்படி காலை பத்து, பத்தரை மணி வாக்கில்தான் வரும். கடலோ நிலவின் கணக்கில் நடக்கிறது. ஏற்றமும் வற்றமும் ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப் போகும், பதினைந்து நாளுக்கு ஒருமுறை பழைய நேரத்துக்கே திரும்பும். அதனால் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வரும் பெரிய ஏற்றம் ஓர் இடத்தில் எப்போதும் ஏறக்குறைய ஒரே கடிகார நேரத்தில்தான் வரும். எங்கள் கழிமுகத்தில் அது காலை பத்து மணியிலிருந்து பதினொன்றுக்குள். அந்த நேரத்தில் உள்ளே நிறைந்திருப்பது வெளியிலிருந்து வந்த கடல்நீர், பச்சையாக, தெளிவாக. செயற்கைக்கோள் பார்ப்பது அதைத்தான். அப்புறம் நீர் வடியத் தொடங்கும். அந்த நாட்களில் வற்றத்தின் இழுப்பு வேகம் அதிகம், சேற்றுத் தரையை வாரிக்கொண்டு போகும். மாலை நான்கு மணி வாக்கில் கழிமுகம் முழுக்கச் சேற்றுக் குழம்பு. அதைப் பார்க்க மேலே யாரும் இல்லை. ஐந்து நாளுக்கு ஒரு படம் வந்தாலும் சரி, நாளுக்கு ஒரு படம் வந்தாலும் சரி, காலையில் மட்டுமே வருகிற கண்ணுக்குப் பெருவற்றத்தின் கலங்கல் ஒருநாளும் சிக்காது.

ஒரு பௌர்ணமியன்று வேண்டுமென்றே இரண்டு முறை போனோம். ஐந்தாம் அளவிடத்தில் காலை 10.40-க்கு 1.9 மீட்டர். அதே இடத்தில், அதே கம்பில் படகைக் கட்டி, பிற்பகல் 3.40-க்கு 45 சென்டிமீட்டர். பிற்பகலில் வெயில் சாய்ந்திருந்ததைக் கழித்துப் பார்த்தாலும் நான்கில் ஒரு பங்குகூடத் தேறவில்லை. அந்த நாளுக்கான உங்கள் வரைபடம் ஐந்தாம் அளவிடத்தைத் தெளிவு என்று சொன்னது, அது எடுத்த நிமிடத்துக்கு முழுக்கச் சரியாகவே சொன்னது. அந்த ஒரு நிமிடத்தை மாதத்தின் நிலையாக ஆக்கியது அறிக்கைதான்.

ஆழமற்ற இடங்களின் கதை வேறு. வெண்மணல் திட்டின் மேல் முழங்கால் அளவு நீர், அடியில் கிடக்கும் கிளிஞ்சலைக்கூட எண்ணலாம். வரைபடத்தில் அது ஆரஞ்சு நிறம், கடும் கலங்கல். மணலில் பட்டுத் திரும்பிய ஒளியை நீரில் மிதக்கும் துகள் என்று கணக்கு எடுத்துக்கொண்டது. கரையோர பிக்சல்களில் பாதி நிலம், பாதி நீர், போதாக்குறைக்குப் பக்கத்து நிலத்தின் வெளிச்சமும் கசிந்து கலக்கிறது. செயற்கைக்கோள் வாங்கும் ஒளியில் பத்தில் ஒன்பது பங்கு காற்று மண்டலம் சிதறடித்தது, நீர் சொல்லும் செய்தி மிச்சமிருக்கும் ஒரு பங்குக்குள்தான் இருக்கிறது. அந்தக் காற்றின் பங்கைக் கழிப்பதில் கொஞ்சம் பிசகினாலும் நீரின் எண் பெரிதாக மாறும். இதையெல்லாம் இந்தத் துறையில் வேலை செய்கிறவர்கள் மறைப்பதே இல்லை. அவர்களே படம் எடுக்கும் நேரத்தை ஒட்டி நீரில் அளந்து, ஒப்பிட்டு, கணக்கைத் திருத்துகிறார்கள். திறந்த கடலில் மூன்று மணி நேரம் முன்பின் இருந்தாலும் ஏற்கிறார்கள். ஓதம் ஓடும் கழிமுகத்தில் அரை மணி நேரத்துக்கு மேல் போகக்கூடாது.

இரண்டையும் சேர்த்துச் செய்ய முடியாது என்று யாரும் சொல்ல வேண்டாம். கேரளத்தின் வேம்பநாட்டுக் காயலில் 2020 ஊரடங்கின்போது நீரில் மிதக்கும் துகள்கள் சராசரியாக 16 சதவீதம் அளவுக்குக் குறைந்ததை லேண்ட்சாட்-8 படங்களை வைத்துத்தான் ஆய்வாளர்கள் காட்டினார்கள். அதே காயலில் பொதுமக்கள் கையில் சிறிய செக்கி தட்டைக் கொடுத்து, எடுத்த அளவைக் கைபேசியில் பதியவும் வைத்தார்கள். மேலேயும் பார்த்தார்கள், கீழேயும் பார்த்தார்கள்.

இதில் எனக்கு மிகவும் வலிக்கும் இடம் ஒன்று உண்டு. எங்கள் 14 வருட நோட்டுகள் உங்கள் அலுவலக அலமாரியில் இருக்கின்றன. ஒவ்வொரு பக்கத்திலும் தேதி, நேரம், ஓதம், காற்று, மேகம், இரண்டு பேரின் அளவு. மழையில் நனைந்து மை பரவிய பக்கங்களும் உண்டு, அவற்றை அன்று மாலையே திரும்ப எழுதி ஒட்டியிருக்கிறோம். லேண்ட்சாட் படத் தொகுப்பு முழுவதும் 2008-லிருந்து இலவசம், 30 மீட்டர் துல்லியத்தில் 1980-கள் வரை பின்னோக்கிப் போகலாம். இந்த நோட்டுகளை வைத்து அந்தப் பழைய படங்களின் கணக்கைச் சரிசெய்தால், நாங்கள் பிறந்து வளர்ந்த காலத்தில் இந்தக் கழிமுகத்தின் நீர் எப்படி இருந்தது என்றுகூடச் சொல்லிவிடலாம். படங்களைப் பயனுள்ளதாக்கும் சாவி உங்கள் அலமாரியிலேயே கிடக்கிறது. அதை யாரும் தட்டச்சு செய்யக்கூட இல்லை.

உங்களிடம் நான் கேட்பது இவைதான்.

களப்பணியை நிறுத்தும் சுற்றறிக்கையைத் திரும்பப் பெறுங்கள். ஏழு அளவிடங்களையும் அப்படியே வைத்துக்கொண்டு, படகு போகும் நாளைச் செயற்கைக்கோள் கடக்கும் நாளோடு பொருத்துங்கள். அது கடக்கும் நேரத்துக்கு அரை மணி முன்பின் அளக்க நாங்கள் தயார், இதற்குக் கூடுதல் செலவும் இல்லை. மாதம் ஒருமுறையாவது பெருவற்ற நேரத்தில், பிற்பகலில், தனியாக ஒரு அளவு எடுக்க அனுமதியுங்கள். முடிந்தால் ஐந்தாம் அளவிடத்துக் கம்பில் தானாகவே பதியும் கலங்கல்மானி ஒன்றைப் பொருத்துங்கள், மேகம் மூடிய நாட்களுக்கு அதுதான் சாட்சி.

வரைபடத்தின் பெயரை மாற்றுங்கள். அது காட்டுவது கலங்கலை என்றால் கலங்கல் என்றே எழுதுங்கள். சாய நீரைத் தனியாகக் காட்டும் கணக்கு சேரும்வரை "தெளிவு" என்ற சொல்லைப் பயன்படுத்தாதீர்கள். அடித்தரை தெரியும் ஆழமற்ற பகுதிகளையும் கரையோர பிக்சல்களையும் நிறம் பூசாமல் விடுங்கள். ஒவ்வொரு படத்தோடும் எடுத்த நேரம், அப்போதைய ஓதம் இரண்டையும், ஒவ்வொரு மாதச் சராசரியோடும் எத்தனை படங்களிலிருந்து அது வந்தது என்பதையும் போடுங்கள்.

எங்கள் நோட்டுகளைக் கணினியில் ஏற்றி எல்லோரும் எடுத்துக்கொள்ளும்படி வெளியிடுங்கள். தட்டச்சு செய்ய ஆள் இல்லை என்றால் நோட்டுகளைத் தாருங்கள், நாங்களே செய்து தருகிறோம்.

ஆண்டறிக்கையில் "மேம்பட்டிருக்கிறது" என்ற வரியைக் கள அளவுகளோடு ஒப்பிட்டுத் திருத்தி வெளியிடுங்கள். அந்த வரியைக் காட்டித்தான் அடுத்த கட்டத் தூர்வாரலுக்கு அனுமதி கேட்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். திருத்தம் வரும்வரை அந்த அனுமதியை நிறுத்தி வையுங்கள்.

இந்தக் கடிதத்துக்குப் பருவம் தொடங்கும் முன் எழுத்தில் பதில் வேண்டும். பதில் எழுதும் முன், வரும் பௌர்ணமியன்று முடிவெடுக்கும் இடத்தில் இருக்கும் அதிகாரி ஒருவரை எங்கள் படகுக்கு அனுப்புங்கள். காலை பத்தரைக்கு ஒருமுறை, பிற்பகல் நான்கு மணிக்கு முன் ஒருமுறை, ஐந்தாம் அளவிடத்தில் அவரே தன் கையால் தட்டை இறக்கட்டும். இரண்டு எண்ணையும் நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வரட்டும்.

இப்படிக்கு,
கழிமுகத் தன்னார்வ அளவீட்டாளர்களில் ஒருத்தி